செட்டிநாட்டு வீட்டுக்குள் சிறு வளர்ப்பு டென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டடிக்கு இரண்டடி டென்ட் (செடி வளர்க்க ஜிப் போட்டு மூடும் துணிக் கூடு), ஒரு எல்இடி விளக்கு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இதை வைத்து வீட்டுக்குள் லெட்டூஸ், பேசில், பார்ஸ்லி, மிளகாய் நாற்று வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். இணையத்தில் கிடைக்கும் டென்ட் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே விளக்கின் சூடு உதவி. இங்கே அதுதான் தலைவலி. அதனால் கீழே பல இடங்களில் சூட்டைப் பற்றியே பேச்சு.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இது எதற்கு?

பல பேருக்குத் தேவையே இல்லை. தண்டுக்கீரை, அரைக்கீரை, கத்தரி, வெண்டை வேண்டுமென்றால் மொட்டை மாடியும் 50 சதவீத நிழல்வலையும் போதும். அதற்காக டென்ட் வாங்குவது காசைக் கரைக்கும் வேலை. டென்ட் மூன்று பேருக்குப் பயன்படும். வெயிலும் அனலும் தாங்காத லெட்டூஸ், ராக்கெட் கீரை, பார்ஸ்லி வகைகளை ஒரே தரத்தில் வாரந்தோறும் எடுக்க நினைப்பவர் ஒருவர். மயிலும் குரங்கும் மாடித் தோட்டத்தை விட்டுவைக்காத தெருவில் இருப்பவர் இரண்டாமவர். ஜன்னலே இல்லாத அறைகள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்காரர் மூன்றாமவர். மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளில் வெட்டும் இளங்கீரை) மட்டும் போதும் என்றால் ஒரு அலமாரித் தட்டும் 20 வாட் டியூப்லைட்டும் இருந்தால் ஆயிற்று.

இதில் கஞ்சா வளர்க்கலாமா?

கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும். ஒரே ஒரு செடி, சொந்த உபயோகம், வீட்டுக்குள் என்ற சமாதானம் எதுவும் செல்லாது.

இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு. வெளிநாடுகளில் இந்த டென்ட் அந்தச் செடிக்காகவே அதிகம் விற்கிறது. ஆகவே அங்கிருந்து வரும் குறிப்புகளை அப்படியே எடுத்தால் கீரைக்காரர்கள் ஏமாறுவார்கள். "18 மணி நேரம் வெளிச்சம், பிறகு 12 மணி நேரம்" என்ற அட்டவணை குறுகிய பகலில் பூக்கும் செடியைப் பூக்க வைக்கச் சொன்னது. லெட்டூஸுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. கிட்டோடு வரும் கரி வடிகட்டி வாசனையை மறைக்க வந்தது. பேசில் வாசனையை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதை மாட்டினால் ஃபேன் இழுக்கும் காற்றும் குறையும். கழற்றி வைத்துவிடுங்கள்.

எந்த அளவு வாங்குவது?

60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 140 அல்லது 160 செ.மீ. உயரம். இதில் இரண்டு லிட்டர் தொட்டி ஒன்பது அடங்கும். மிளகாயைக் காய்ப்பு வரை உள்ளேயே வைத்திருக்க நினைத்தால் 160 வேண்டும்; விளக்கு, தொங்கும் கயிறு, தொட்டி எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் தின்றுவிடும். முதல் தடவையே நான்கடி டென்ட் வாங்காதீர்கள். அதற்கு 250 வாட்டுக்கு மேல் விளக்கு கேட்கும். அந்தச் சூட்டை இந்த ஊரில் வெளியேற்றுவது தனிப் படிப்பு.

வாங்கும்போது விளக்கைச் சோதிப்பதற்கு முன் ஜிப்பைச் சோதியுங்கள். டென்டில் முதலில் கெடுவது அதுதான். பிறகு உள்ளே குந்தி உட்கார்ந்து ஜிப்பை மூடி வெளிச்சம் கசியும் தையல் துளைகளைப் பாருங்கள். கீரைக்குக் கசிவு பெரிய குற்றமில்லை. ஆனால் அந்த வழியாகத்தான் வெள்ளை ஈ வரும்.

வீட்டில் எங்கே வைக்கலாம்?

வளவைச் (வீட்டின் நடுமுற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்று நல்ல இடம். சுவர் கனமானது, கூரை உயரமானது, நேர் வெயில் இல்லை. மேல்மாடி கான்கிரீட் அறை மோசமான இடம். சித்திரையில் அந்தத் தளம் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும்.

உள்ளறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜன்னல் இல்லை, கதவைச் சாத்தினால் காற்று அங்கேயே சுற்றும். டென்டிலிருந்து வெளியேறும் சூடான காற்று அறைக்குள்ளேயே விழுந்து, அதையே டென்ட் மறுபடி இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் அறையும் டென்டும் ஒரே அனலாகிவிடும். எனவே எக்ஸாஸ்ட் குழாயை வளவு வாசல் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். மேலே காற்றுப் போக்கி இருந்தால் அதன் வழியாக விடலாம். இல்லையென்றால் கதவை ஒரு சாண் திறந்து, மேல்பகுதியில் பொருந்தும்படி ஒரு பிளைவுட் பலகையில் நான்கு அங்குல வட்டம் வெட்டிக் குழாயைச் செருகுங்கள். பர்மா தேக்கு நிலையில் ஆணி அடிக்கவோ துளை போடவோ வேண்டாம்; அதை யாராலும் திரும்பச் செய்து தரமுடியாது.

சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சில் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது மேல்தோல் உரிந்து வரும். ஈரக்காற்று சுவரில் படும்படி எக்ஸாஸ்ட் வாயைத் திருப்பிவிட்டாலும் பூஞ்சைக் கறை பிடிக்கும்.

ஆத்தங்குடிக் கல் தரை கெட்டுவிடும் என்று அப்பத்தா சம்மதிக்கவில்லை. உண்மையிலேயே கெடுமா?

கெடும். அப்பத்தா சொல்வது சரி. அது சிமெண்டும் நிறமும் கலந்து கையால் வார்த்த ஓடு. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. செடிக்கு விடும் நீரின் பிஎச் (அமில, கார அளவு) குறைக்கும் திரவத்தில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். ஒரு சொட்டு விழுந்து ஐந்து நிமிடம் கிடந்தால் அந்த இடம் மங்கிவிடும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதையே செய்யும். இரும்புச் சத்துக் கரைசல் பழுப்புக் கறை வைக்கும். டென்டின் அடித்துணி ஈரத்தோடு தரையில் ஒட்டிக் கிடந்தால் ஓட்டிலிருந்து வெள்ளை உப்புப் பூக்கும்.

வழி எளிது. தரையில் நான்கு செங்கல், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் டென்ட். கீழே காற்று ஓடும். மரப்பலகை நேராகத் தரையில் பட்டால் கரையான் வந்தது தெரிவதற்குள் பாதி போயிருக்கும். டென்டுக்குள் ஐந்து செ.மீ. விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று முழுப் பரப்புக்கும் வேண்டும். அமிலம் அளப்பது, உரம் கலப்பது எல்லாம் பின்கட்டில் கழுவும் கல்லருகே நடக்கட்டும்.

எத்தனை வாட் விளக்கு? எவ்வளவு உயரத்தில்?

60 செ.மீ. சதுர டென்டுக்குக் கீரை வகை என்றால் சுவரிலிருந்து இழுக்கும் உண்மையான அளவு 40 முதல் 65 வாட் வரை போதும். மிளகாய், தக்காளி காய்க்க 90 முதல் 100 வாட். பெட்டியில் "1000 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாமல் எத்தனை வாட் இழுக்கிறது என்று கேளுங்கள். வெள்ளை எல்இடி பலகை போதும். ஊதா நிற விளக்கில் செடி வளரும், ஆனால் இலை மஞ்சளா பச்சையா, பேன் இருக்கிறதா என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

உயரத்தை அங்குலத்தில் கேட்பதைவிட வெளிச்சத்தை அளப்பது நல்லது. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமானது அல்ல, ஆனால் இதற்குப் போதும். வெள்ளை எல்இடியில் ஏறத்தாழ 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்கு (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) சமம். முளைத்த நாற்றுக்கு 8,000 முதல் 10,000 லக்ஸ். லெட்டூஸ், பார்ஸ்லிக்கு 14,000 முதல் 17,000 வரை, தினம் 16 மணி நேரம். பேசிலுக்கு 20,000. காய்க்கும் மிளகாய்க்கு 30,000, 14 மணி நேரம். 65 வாட் பலகையை இலை நுனியிலிருந்து 40 செ.மீ. மேலே தொங்கவிட்டுத் தொடங்கி, இந்த எண் வரும்வரை ஏற்றி இறக்குங்கள். மங்கலாக்கும் திருகு இருந்தால் உயரத்தை மாற்றாமல் வாட்டைக் குறையுங்கள், சூடும் குறையும்.

நாற்று நூல்போல நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. மேல் இலை மட்டும் வெளுத்து, கீழ் இலை பச்சையாக இருந்தால் வெளிச்சம் அதிகம்.

டென்டுக்குள் 40 டிகிரி காட்டுகிறது. எப்படிக் குறைப்பது?

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: ஃபேன் மட்டும் வைத்து டென்டை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 36 என்றால் டென்ட் 36க்குக் கீழே போகாது. ஃபேன் செய்யக்கூடியது விளக்கின் சூடு உள்ளே தேங்காமல் பார்ப்பது மட்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே எரியும் மொத்த வாட்டை மூன்றால் பெருக்கி, எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லையோ அதால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும் என்று வரும். 65 வாட், இரண்டு டிகிரி கூடலாம் என்றால் 65 × 3 ÷ 2, அதாவது சுமார் 100 கன மீட்டர். "டென்டின் காற்று மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மாறினால் போதும்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இந்த டென்டின் கொள்ளளவு அரைக் கன மீட்டர்தான். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் மணிக்குப் பத்து கன மீட்டர். அதே கணக்கில் போட்டால் 19 டிகிரி கூடும்! சுவர் வழியாகவும் இலை வழியாகவும் கொஞ்சம் சூடு போவதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் செடி வெந்துவிடும்.

நான்கு அங்குல இன்லைன் ஃபேனில் (குழாயின் நடுவே பொருத்துவது) 300 கன மீட்டருக்கு மேல் எழுதியிருக்கும். மூன்று மீட்டர் குழாயும் இரண்டு வளைவும் சேர்ந்தால் அதில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதுவே போதும். குளியலறைக்கு விற்கும் தட்டையான எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய் மாட்டியதும் மூச்சு வாங்கும், வேண்டாம். குழாயை இழுத்து நேராக வையுங்கள். அகார்டியன் மடிப்போடு தொங்கவிட்டால் காற்று பாதியில் நிற்கும். ஃபேன் மேலே, காற்று நுழையும் வலைவாய் கீழே எதிர்ப்புறம். டென்ட் சுவர் லேசாக உள்ளே இழுத்திருந்தால் சரியாக வேலை செய்கிறது. வயிறு ஒட்டிப்போன மாதிரி இழுத்தால் கீழ்வாயை இன்னும் திறக்கவேண்டும்.

அடுத்தது நேரம். வெளிச்சம் பகலில்தான் எரியவேண்டும் என்று எந்தச் செடியும் கேட்கவில்லை. ஆனால் "மாலை ஆறு மணிக்குப் போடு" என்ற பொது யோசனை இங்கே பழைய வீடுகளுக்குப் பொருந்தாது. கனமான சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். வெளியே மூன்று மணிக்கு உச்சம் என்றால் உள்ளறையில் உச்சம் பொழுது சாய்ந்த பிறகு வரலாம். ஒரு வெப்பமானியை மூன்று நாள் அறையில் வைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை குறித்துப் பாருங்கள். மிகக் குளிர்ந்த 14 அல்லது 16 மணி நேரம் எது என்று தெரிந்துவிடும். பல உள்ளறைகளில் அது இரவு பத்தில் தொடங்கி மறுநாள் நண்பகல் தாண்டிப் போகிறது.

எல்இடியின் டிரைவர் பெட்டியை (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தருவது) கழற்றி டென்டுக்கு வெளியே தொங்கவிட முடிந்தால் விளக்கின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். செலவில்லாத வேலை.

ஏசி போட்டால்?

இரண்டடி டென்டுக்காக ஒரு டன் ஏசி ஓடுவது நியாயமில்லை. ஏற்கெனவே ஏசி ஓடும் படுக்கையறை என்றால் டென்டை அங்கே மூலையில் வைத்து, எக்ஸாஸ்டை அறைக்குள்ளேயே விடலாம்; 65 வாட் ஏசிக்கு ஒரு பொருட்டில்லை. இரவு ஏசி ஓடும் நேரமும் விளக்கு எரியும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். உள்ளே தூங்குபவருக்கு ஃபேன் சத்தம் பிடிக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்கூலர் பங்குனியில் உதவும். ஐப்பசியில் அதைப் போட்டால் பூஞ்சைக்குப் பந்தி வைத்தது போலாகும்.

அப்படியானால் எந்த மாதத்தில் எதைப் போடுவது?

கார்த்திகைப் பாதியிலிருந்து மாசி வரை லெட்டூஸ், ராக்கெட், பார்ஸ்லி, கொத்தமல்லி. அறை 24 முதல் 29 டிகிரிக்குள் இருக்கும்; டென்ட் தன் முழு மதிப்பைக் காட்டும் காலம் இதுதான். பங்குனியிலிருந்து பேசிலுக்கு மாறுங்கள். 32 டிகிரி வரை அது சிரித்துக்கொண்டே வளரும். சித்திரை, வைகாசியில் அறை 34ஐத் தாண்டினால் டென்டைக் கழுவிக் காயப்போட்டு ஓய்வு கொடுப்பதே புத்தி. கத்திரி வெயிலில் லெட்டூஸ் வளர்த்துக் காட்டுவேன் என்று நிற்பதில் லாபம் மின்வாரியத்துக்கு மட்டும்.

வைகாசிக் கடைசியில் மிளகாய், கத்தரி, தக்காளி விதை போட்டால் ஆடிப் பட்டத்துக்கு 35, 40 நாள் நாற்று தயாராக இருக்கும். இராமநாதபுரம் குண்டு மிளகாய் நாற்று இதற்கு அருமையாக வரும். முளைக்க 25 முதல் 30 டிகிரி போதும், தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை. வெளியே நடும் முன் ஏழு நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள். நேராக வெயிலில் வைத்தால் இலை ஒரே நாளில் வெளுத்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் சூடு பிரச்சினையில்லை, ஈரம் பிரச்சினை. விளக்கு அணைந்ததும் டென்ட் குளிர்ந்து இலையில் நீர் கோக்கும். பேசில் இலையின் அடியில் சாம்பல் நிறத்தில் தூள் படிவது அந்த இருட்டு நேரத்தில்தான். விளக்கு அணைந்தாலும் ஃபேன் நிற்கக்கூடாது.

மின்வெட்டு வந்தால்? பில் எவ்வளவு கூடும்?

65 வாட் விளக்கு 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 25 வாட் ஃபேன் நாள் முழுதும் ஓடினால் 0.6 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் சுமார் 98 யூனிட் கூடும். ஏற்கெனவே அடுத்த படிநிலையின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இது சுடும்; பழைய ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நாலைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது. விளக்கும் ஃபேனும் சேர்ந்தே நிற்பதால் சூடும் ஏறாது. ஆபத்து எப்போது என்றால், விளக்கு இன்வெர்ட்டர் வரிசையிலும் ஃபேன் சாதா வரிசையிலும் மாட்டியிருக்கும்போது. ஃபேன் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் அரை மணியில் செடி துவண்டுவிடும். இன்வெர்ட்டரில் ஏதாவது ஒன்றை மாட்டுவதென்றால் ஃபேனை மாட்டுங்கள்.

முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் வாங்காதீர்கள். மின்வெட்டு நேரத்தில் அது நின்றுவிடும்; பத்து நாளில் இரவு எரியவேண்டிய விளக்கு மத்தியானம் எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வேண்டும். டிரைவர் 90 முதல் 305 வோல்ட் வரை தாங்குவதாக இருந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

பழைய வீட்டு உள்ளறைகளில் எர்த் இல்லாத இரண்டு துளைப் பிளக் இன்னும் இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் அரை மீட்டர் இடைவெளியில் இருக்கும் டென்டுக்கு அது உதவாது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகே தொடங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி தொட்டிகளைவிட உயரத்தில் தொங்கட்டும்; வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறினால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டிவிடும்.

தோட்டத்துச் செம்மண்ணைப் போடலாமா?

வேண்டாம். சிறு தொட்டியில் இறுகிக் கட்டியாகும், கூடவே புழுவையும் முட்டையையும் கொண்டுவரும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஆறு பங்கு, மண்புழு உரம் மூன்று பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு. 650 கிராம் கோகோபீட் கட்டி இரண்டை ஊறவைத்தால் 16 முதல் 18 லிட்டர் வரும். ஒன்பது தொட்டிக்குத் தாராளம்.

கட்டியை உடைத்து அப்படியே போடுவதுதான் முதல் தடவை செய்பவர்களின் தோல்விக்குப் பெரிய காரணம். கழுவாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் பிடித்திருக்கும். நீங்கள் போடும் கால்சியத்தை அது தனக்கு எடுத்துக்கொண்டு செடிக்குச் சோடியத்தை விடும். இரண்டு தடவை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். மூன்றாவது தடவை லிட்டருக்கு இரண்டு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் ஒரு தடவை அலசிப் பிழிந்து கலக்குங்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா? என்ன உரம்?

ஒரு டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளப்பது) வாங்கி அளந்துவிட்டுப் பேசுவோம். 250க்குக் கீழ் என்றால் ஊற்றலாம். 250 முதல் 500 வரை என்றால் மழைநீரோ ஆர்ஓ நீரோ பாதிக்குப் பாதி கலக்கலாம். 500க்கு மேல் என்றால் டென்டுக்கு வேண்டாம். தோட்டத்துத் தென்னைக்கு விடுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் இதில் ஊற்றுபவர்கள் உண்டு. அது போர் தண்ணீரைவிட இரு மடங்கு உப்பு, வீடு கழுவுங்கள்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மழைநீர் சேர்க்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. வளவு வாசலில் நான்கு பக்கக் கூரையும் தண்ணீரைக் கொட்டும்படிதான் கட்டியிருக்கிறார்கள். பருவத்தின் முதல் மழையை ஓட விடுங்கள், பறவை எச்சமும் தூசியும் போகட்டும். பிறகு 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பினால் இந்த டென்டுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வீதம் நான்கு மாதம் வரும். கொசு புகாதபடி துணி கட்டி மூடி வையுங்கள்.

மழைநீரில் சத்து எதுவும் இல்லை. லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 0.6 கிராம், 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சம அளவில் உள்ள உரம்) அரைக் கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 0.3 கிராம், நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. ஈசி (கரைசல் மின்சாரம் கடத்தும் அளவு) 1.3 பக்கம் காட்டும். லெட்டூஸுக்கும் பேசிலுக்கும் இது சரி. மண்புழு உரம் கலந்த தொட்டிக்கு முதல் மூன்று வாரம் எதுவும் வேண்டாம். பிறகு இதில் பாதி வலுவில் வாரம் இரண்டு தடவை. மிளகாய் காய் பிடித்ததும் 13:0:45 உரத்தை (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 0.3 கிராம் சேர்க்கவேண்டும்.

ஒவ்வொன்றையும் முழு அளவு நீரில் ஒன்று கரைந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் கொஞ்சூண்டு நீரில் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். அது ஜிப்சம், செடிக்குப் போகாது. இன்னொரு சூட்சுமம்: 19:19:19இல் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு யூரியா. யூரியா மின்சாரம் கடத்தாது, ஈசி மீட்டரில் தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று அதையே மேலும் மேலும் போட்டால் இலை நுனி கருகும்.

பிஎச் 5.8 முதல் 6.5க்குள் இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றில் இறக்கினால் இரண்டு நாளில் பழையபடி ஏறிவிடும், ஏனென்றால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. பாஸ்பாரிக் அமிலம் நிற்கும். அமிலத்தை நீரில் விடுங்கள், நீரை அமிலத்தில் விடாதீர்கள், கையுறையும் வேண்டும்.

லெட்டூஸ் விதை முளைக்கவே இல்லை. விதை மோசமா?

அநேகமாக விதையில் குற்றமில்லை. 28, 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை தூங்கிவிடும். ஈரமான டிஷ்யூவில் மடித்து, டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து எடுங்கள். பிறகு இரவில் விதைத்து, மண்ணால் மூடாமல் லேசாக அழுத்திவிட்டால் போதும். அதற்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பழைய பாக்கெட்டை அடுக்களை மேல்தட்டில் வைத்திருந்தால் அந்த விதையைத் தூக்கிப் போடுங்கள்.

கொத்தமல்லி ஒரு சாண் வளர்ந்ததும் பூத்துவிடுகிறதே?

16 மணி நேர வெளிச்சம்தான் காரணம். நீண்ட பகலும் சூடும் அதைப் பூக்கத் தள்ளும். 11 மணி நேரமாகக் குறையுங்கள். லெட்டூஸோடு ஒரே டென்டில் இரண்டையும் வைத்தால் ஒன்று கெடும். தனியா விதையை இரண்டாகப் பிளந்து, எட்டு மணி நேரம் ஊறவைத்து, கடைசித் தொட்டியிலேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் அந்த அதிர்ச்சியிலும் பூக்கும்.

பேசிலை எப்படி வெட்டுவது?

மூன்றாவது ஜோடி இலை வந்ததும் இரண்டாவது ஜோடிக்கு மேலே கிள்ளுங்கள். இரண்டு கிளை வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி வந்ததும் மறுபடி. இலையை ஒவ்வொன்றாகப் பறித்தால் செடி தண்டாகி நிற்கும். பூ மொட்டு தெரிந்த அன்றே கிள்ளிவிடுங்கள்.

லெட்டூஸின் உள் இலை ஓரம் பழுப்பாகிறது. கால்சியம் போதவில்லையா?

தொட்டியில் கால்சியம் இருக்கும். இலைக்குப் போய்ச் சேரவில்லை. கால்சியம் நீரோடு ஏறும், நீர் இலையிலிருந்து ஆவியானால்தான் ஏறும். நடு மொட்டுக்குள் காற்று அசையாவிட்டால் அங்கே ஆவியாவதில்லை. ஆறு அங்குலக் கிளிப் ஃபேனை நேராகச் செடி மேல் அடிக்காமல், இலை லேசாக ஆடும் அளவுக்கு வையுங்கள். வெளிச்சத்தையும் 12,000 லக்ஸுக்கு இறக்குங்கள். வளர்ச்சி வேகம் குறைந்தால் கால்சியம் பின்தங்காது.

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு கிடைக்கவில்லை; பிஎச் ஏறியிருக்கும், அதைச் சரிசெய்த பிறகே இரும்பு போடுங்கள். கீழ் இலை முழுதும் மஞ்சள் என்றால் நைட்ரஜன் போதவில்லை. எல்லா இலையும் தொங்குகிறது, மண்ணும் ஈரம் என்றால் வேர் அழுகல். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால் மட்டும் நீர் விடும் பழக்கம் வந்தால் இந்த நோய் பாதி வராது.

வீட்டுக்குள் பூச்சி வருமா?

வெளியைவிட மோசமாக வரும். உள்ளே அதைத் தின்ன வேறு பூச்சி இல்லை. பங்குனி வறட்சியில் சிவப்புச் சிலந்திப் பேன்: இலை மேல் பொடிப் புள்ளி, அடியில் மெல்லிய நூல். தொட்டியைச் சாய்த்து இலையின் அடிப்பக்கம் வேகமான நீரில் மூன்று நாளுக்கு ஒரு தடவை கழுவினாலே பாதி அடங்கும். மிச்சத்துக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி காதி சோப்புக் கரைசல். விளக்கு அணைந்த பிறகு மட்டும் அடியுங்கள். எண்ணெய் பூசிய இலை விளக்கில் வெந்துபோகும். அடித்து ஒரு வாரம் பறிக்க வேண்டாம்.

மண்ணைச் சுற்றிக் கொசுபோலப் பறப்பவை பூஞ்சை ஈ. மேல்மண் ஒரு செ.மீ. காயும்வரை நீர் விடாமல் இருங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கட்டும். காற்று நுழையும் வாயில் பழைய நைலான் சேலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டலாம். மாதம் ஒரு தடவை அதைக் கழுவாவிட்டால் தூசி அடைத்துச் சூடு ஏறும். மாடித் தோட்டத்தில் வேலை செய்த கையோடும் துணியோடும் டென்டைத் திறக்காதீர்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வருகிறது.

கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ இதெல்லாம் வளர்க்க முடியுமா?

முடியாது. கல்பாசி செடியே அல்ல. மலைப்பக்கத்துப் பாறையிலும் மரப்பட்டையிலும் பல ஆண்டுகளாகப் படரும் பாசிக்காளான் கூட்டு. மற்ற இரண்டும் பெரிய மரங்கள்.

மாதம் ஒரு தடவைதான் ஊருக்கு வருவோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் விடலாமா?

தினம் ஐந்து நிமிடம் திறந்து பார்க்க ஆள் இருந்தால் விடலாம். பூட்டிய வீட்டில் டைமரை நம்பி விடுவது ஆபத்து. ஃபேன் ஒரு நாள் நின்றால் செடி போகும், வயர் சூடானால் வீடே போகும். நாலைந்து நாள் ஊரில் இல்லையென்றால் விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்து, தொட்டிகளை ஒரு செ.மீ. நீர் நிற்கும் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் என்றால் அறுவடை செய்துவிட்டுப் போங்கள்.

ஒரு டென்டில் எவ்வளவு கிடைக்கும்?

மார்கழி, தை மாதங்களில் ஒன்பது லெட்டூஸ், விதைத்ததிலிருந்து 45 நாளில், ஒன்று 100 முதல் 150 கிராம். மூன்று மூன்றாகப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால் தொடர்ந்து வரும். பேசில் நான்கு செடி ஆறாவது வாரத்தில் முதல் வெட்டு, பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. நான்கைந்து வெட்டுக்குப் பிறகு தண்டு மரத்துப்போகும், புதிதாக நடவேண்டும். விளக்கு எரியத் தொடங்கும் முன் வெட்டினால் இலை விறைப்பாக இருக்கும். பேசிலை ஃபிரிட்ஜில் வைத்தால் கறுக்கும். தண்டு நீரில் நனையும்படி டம்ளரில் வைத்து மேடை மேலேயே விடுங்கள். லெட்டூஸை ஈரம் உதறி, துணி விரித்த டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும்.